ஒட்டுச் சோப்பு

கையால் செய்த கைச்சோப்பை விற்கிறவனிடம் நுரை நன்றாக வருகிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை; சீக்கிரம் கரைகிறதே என்று மட்டும் ஊர் ஊராகச் சொல்வார்கள்.

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கிண்ணத்தில் கூழாகிக் கிடந்ததை விரலால் வழித்துக்கொண்டே செய்தவனைத் திட்டியிருப்பீர்கள். திட்டு வாங்கிய ஆள் நான்தான். அறுபதுகளில் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நானும் என் மனைவி ருக்மணியும் சோப்பு செய்ய ஆரம்பித்தோம். தேங்காய் எண்ணெய், இலுப்பெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். அவ்வளவுதான் சரக்கு. அண்டாவில் துடுப்புப் போட்டுக் கலக்கி, பலகைப் பெட்டியில் ஊற்றி, மறுநாள் கம்பியால் அறுத்து, ஒவ்வொரு கட்டியிலும் கிளி முத்திரை குத்துவோம். முத்திரைக் கட்டையை ருக்மணி ஒரு நாள் கீழே போட்டதில் கிளியின் மூக்கு நுனி உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கிளிகள் எல்லாமே மூளி மூக்குதான்.

முத்திரை குத்தியதும் விற்றுவிட முடியாது. மூங்கில் தட்டில் அடுக்கி, தினமும் ஒரு முறை புரட்டிப் போட்டு, ஒன்றரை மாதம் காயவைக்க வேண்டும். அதற்குள் எடுத்தால் அது பச்சைக்கட்டி. காரம் அடங்கியிருக்காது, தோலைக் கடிக்கும், இரண்டே வாரத்தில் கரைந்தும் போகும். இந்த ஒன்றரை மாதப் பொறுமைதான் தொழில். அதை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் மேஸ்திரி கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஊறவைத்த சோப்பு

மில்லில் நெல் அவிக்கிற வரதன் மேஸ்திரி எங்கள் நிரந்தர வாடிக்கை, நிரந்தரப் புகார். 'உன் சோப்பு அஞ்சு நாள் தாங்கல' என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். ஆறு வாரம் காய்ந்த கட்டி எப்படி ஐந்து நாளில் தீரும்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர். அதற்குள் என் கிளி மூழ்கிக் கிடக்கிறது.

குளித்து முடித்ததும் நீர் வடிய விட வேண்டும், காற்றுப் படுகிற இடத்தில் தேங்காய் நாரின் மேல் வைக்க வேண்டும், அடி தரையில் ஒட்டக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. தொழில் தெரியாதவனைத் தொழில் தெரிந்தவன் பார்க்கிற பார்வை.

"நெல்ல ஊறவெச்சு அவிச்சாத்தான் அரிசி ஒடையாம கெட்டியாவுது, உன் சோப்பு மட்டும் இன்னா ஒசத்தியா?" என்றார்.

தீர்க்கக் கூடாத கட்டி

வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரகடம் வரைக்கும் போய், வடக்குப்பட்டு வழியாகத் திரும்புவேன். ஒரு பங்குனி மாதம் வடக்குப்பட்டில் சரோஜா என்ற பெண் என்னை நிறுத்தினாள். இருபத்தைந்து வயதிருக்கும். புதுக்கட்டி எதுவும் வேண்டாம் என்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். அதில் பாதி தேய்ந்த என் சோப்பு இருந்தது. கிளிக்குத் தலை போயிருந்தது, வால் மட்டும் மிச்சம், நடுவில் லேசான பள்ளம். இதைத் தீராமல் வைத்திருக்க வழி சொல்லுங்கள் என்றாள்.

அவள் கணவன் தாமோதரன் லாரி டிரைவர். பொங்கல் முடிந்த கையோடு கல்கத்தா லோடு ஏற்றிக்கொண்டு போனவன். ஆந்திரா பக்கம் ஏதோ ஒரு பாலத்துக்குக் கீழே ஆற்றுக்குள் லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தாமோதரனின் அண்ணன் ஏழுமலை நேரில் போய் எட்டு நாள் தேடிவிட்டுத் திரும்பினார். தம்பிக்குக் காரியம் செய்துவிட வேண்டும், இவள் தாலியைக் கழட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. கெட்டவர் இல்லை. தம்பி நடுவழியில் அலைகிறானே என்ற வேதனை அவருக்கு. சரோஜா ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள். புறப்பட்ட அன்று காலையில் தாமோதரன் இந்தக் கட்டியில்தான் குளித்தானாம். 'நான் வந்து இதுலயே குளிக்கிறேன், தீத்துடாத' என்று சொல்லிவிட்டுப் போனானாம். இந்தச் சோப்பு தீர்ந்தால் தாலியைக் கழட்டுகிறேன், அதுவரைக்கும் முடியாது என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டாள். ஒரு அரைக்கட்டி எத்தனை நாளைக்கு வரப்போகிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

யாருமே தொடாத சோப்பு எப்படித் தீரும்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாரின் மேல் வை, சுவர் ஓதம் படாமல் வை, வெயிலில் வைக்காதே, அது பாட்டுக்கு உன் ஆயுசுக்கும் இருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இது கீற வரைக்கும் அவரும் எங்கியோ கீறாருண்ணா," என்றாள்.

வேர்வை

அடுத்த வாரம் போனபோது கொட்டாங்கச்சியை நீட்டினாள். சோப்பு ஈரமாக இருந்தது. தேய்ந்தும் இருந்தது, கிளியின் வாலும் போய்விட்டது. சத்தியமாக நான் தொடவில்லை என்றாள்.

தொழில் தெரிந்தவனுக்கு எதற்கும் பதில் இருக்கும். கைச்சோப்பு வேர்க்கும் அம்மா, காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுக்கும், மேலே முத்து முத்தாக நிற்கும், பயப்படாதே என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அது மழைக்காலத்துப் பதில். அன்றைக்குச் சித்திரை வெயில். சைக்கிள் ஹேண்டில் கையைச் சுட்டது, ஏரியில் தரை பிளந்து கிடந்தது. காற்றில் ஏது ஈரம்?

சோப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பள்ளத்தின் அடியில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு ஓடியது. தாமோதரனின் இடது கட்டைவிரலை ஒரு தடவை ஜாக்கி நசுக்கியதில் நகம் இரண்டாகப் பிளந்திருந்ததாம். சோப்பைப் பிடித்தால் அந்த விரலால் நடுவில் அழுத்திப் பிடிப்பது அவன் வழக்கமாம். இதெல்லாம் பழைய பள்ளம்தான், அவன் போவதற்கு முன் விழுந்தது என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். போன வாரம் இந்தப் பள்ளம் இவ்வளவு ஆழமில்லை என்பது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் வேர்வை, வேர்வை என்று இன்னும் இரண்டு தரம் சொன்னேன்.

"வேர்வைக்கு வெரல் உண்டாண்ணா?" என்று கேட்டாள்.

பூட்டிய பெட்டி

எனக்கு ஏழுமலை மேல் சந்தேகம். அவருக்குச் சரோஜா மேல் சந்தேகம், ஆசையில் தானே தேய்த்துக் குளிக்கிறாள் என்று. மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். என்னிடம் பூட்டுப் போடுகிற சின்னத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. மூவர் கண் முன்னாலும் சோப்பை நன்றாகத் துணியால் ஒற்றி, நார் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினேன். பெட்டி ஏழுமலை வீட்டுப் பரணில். சாவி என் அரைஞாணில்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. துடுப்புப் போடும்போதெல்லாம் சாவி இடுப்பில் உரசிக்கொண்டே இருந்தது. திரும்பவும் வடக்குப்பட்டுக்குப் போனபோது காலை பதினோரு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். மூவரும் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே நுரை நின்றது. காய்ந்த நுரை இல்லை. அப்போதுதான் யாரோ தேய்த்துவிட்டு வைத்தது மாதிரி, குமிழி ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. அதன் சத்தம்கூடக் கேட்டது. சோப்பு அரைவிரல் கனத்துக்கு வந்திருந்தது. நார் நனைந்து அடியில் மணல் தங்கியிருந்தது. பாலாற்று மணலை நான் பிறந்ததிலிருந்து மிதித்தவன். இது அந்த மணல் இல்லை. மாவு மாதிரி, கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கமில்லை. சரோஜாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம். பாருங்கள், உயிரோடு இருக்கிறார், குளிக்கிறார் என்றாள். ஏழுமலை அந்த மணலை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு நாள் தேடினாரே, அந்த ஆற்று மணல் அவருக்குத் தெரியும்.

"என் தம்பி இன்னும் அந்தத் தண்ணியிலயே கீறான். அவன கரையேத்தி வுடணும் சோப்புக்காரரே, வெச்சிகினு இருக்கக் கூடாது," என்றார்.

ஒட்டு

மறுவாரம் அது சில்லாகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. இன்னும் நாலு நாள் தாங்காது என்று எனக்கே தெரிந்தது. சரோஜா அழவில்லை, கேள்வி மட்டும் கேட்டாள். இவ்வளவு வருஷமாகச் சோப்பு செய்கிறீர்களே, உங்களுக்கு ஒரு வழியும் தெரியாதா?

தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் அதைத்தானே செய்கிறீர்கள். சில்லை வீணாக்க மனசு வராது. புதுக்கட்டியை நனைத்து, சில்லையும் நனைத்து, இரண்டையும் தேய்த்து அழுத்தி, துணியால் கட்டி ஒரு நாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது ஒரே கட்டி. தமிழ்நாட்டில் எந்தக் கிணற்றடியிலும் நடக்கிற காரியம். அதைத்தான் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஊருக்குத் திரும்பி மறுநாள் புதுக்கட்டி எடுக்கத் தட்டைப் பார்த்தால் காய்ந்த சரக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய கல்யாண வீட்டுக்கு மொத்தமும் போயிருந்தது. இருந்தது பத்து நாள் வயதான பச்சைக்கட்டி மட்டும். அதைக் கையில் எடுத்ததைப் பார்த்து ருக்மணி, இன்னும் காரம் அடங்கவில்லை, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள். சும்மா ஒட்டி வைக்கத்தான், யார் குளிக்கப்போகிறார்கள் என்றேன். நல்ல தெளிவாகத்தான் பதில் சொன்னேன். அவசரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கே வடக்குப்பட்டுக்குக் கொண்டுபோனால், ஏழுமலைக்கு இது பிடிக்கவில்லை. பழசு தீர்ந்தால் என்றுதானே பேச்சு, புதுசை ஒட்டினால் எப்படித் தீரும், இது ஏமாற்று என்றார். நான் தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் நடுவில் புகுந்தேன். அதே எண்ணெய், அதே அண்டா, அதே கிளி. ஒட்டிவிட்டால் பழசு புதுசு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, அது அதே சோப்புத்தான் என்று அடித்துப் பேசினேன். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக்கட்டி என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒட்டிக் கட்டிய துணியின் முடிச்சை ஏழுமலை தொட்டுப் பார்த்தார்.

"அதே சோப்புன்னு நீதான் சொல்ற. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது," என்றார்.

புதுசு எரியுது

இரண்டு வாரம் கழித்து வடக்குப்பட்டுக்குள் நுழையும்போதே டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினார்கள். தாமோதரன் வந்துவிட்டான். பட்டப்பகலில், ஏரிக்கரை மேல், வெறுங்காலோடு நடந்து வந்தானாம். எங்கே இருந்தாய் என்றால் ஞாபகமில்லை என்கிறானாம். எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. எல்லாருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். என் சோப்பு ஒரு தாலியைக் காப்பாற்றிவிட்டது என்று மிதிக்க மிதிக்க நினைத்துக்கொண்டே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கொல்லையில் கிணற்றடியில் அவன் குளித்துக்கொண்டிருந்தான். இதற்கு முன் இரண்டு மூன்று தரம் பார்த்த முகம்தான். இடது கட்டைவிரல் நகம் பிளந்தே இருந்தது. அந்த விரல் சோப்பின் நடுவில் சரியாக அழுத்தியிருந்தது. பிறகுதான் வலது கையைப் பார்த்தேன். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் வெளுப்பு, பிறந்த குழந்தைத் தோல் மாதிரி மழமழப்பு. ஒரு மயிர் இல்லை, ஒரு தழும்பு இல்லை. வலது முன்கையில் சரோஜா என்று பச்சை குத்தியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்கங்கே சிவந்து தடித்திருந்தது. காஸ்டிக் தெறித்தால் எங்கள் கையில் எழும்புகிற அதே சிவப்பு.

கூடத்தில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். கட்டைவிரலைப் பார்த்தேன், என் தம்பிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொல்லையிலிருந்து தாமோதரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது. வலது கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே பேசினான்.

"சோப்பு நல்லாத்தான் கீதுண்ணா. புதுசு மட்டும் கொஞ்சம் எரியுது," என்றான்.

கம்பி கேட்டு வந்தவள்

அதற்குப் பிறகு நான் வடக்குப்பட்டு வழியாகப் போகவில்லை. ஒரகடத்திலிருந்து வேறு வழியில் சுற்றித் திரும்பினேன். கோழைத்தனம்தான். பத்து நாள் கழித்துச் சரோஜாவே பஸ் ஏறி வாலாஜாபாத்துக்கு வந்துவிட்டாள். கொட்டகை வாசலில் நின்று, சோப்பு அறுக்கிற கம்பியைக் கொடுங்கள் என்று கேட்டாள். எதற்கு என்றாள் ருக்மணி. ஒட்டைப் பிரிக்க என்றாள்.

உட்காரவைத்து மோர் கொடுத்தோம். குடிக்காமல் பேசினாள். பாதி அவர்தான், பாதி யாரென்று தெரியவில்லை என்றாள். இடது கை தானாக அவள் கையைத் தேடிப் பிடிக்கிறதாம். வலது கை பக்கத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலக் கிடக்கிறதாம். இடது காது அவள் கூப்பிட்டால் கேட்கிறது, வலது பக்கம் உட்கார்ந்து பேசினால் திரும்புவதே இல்லை. இதில் அவளுடைய பயம் வேறு. தினம் இரண்டு வேளை அவன் அந்தச் சோப்பில் குளிக்கிறான். பழைய சில்லு மெல்லிசு. அது முதலில் தேய்ந்து போனால் அவன் பாதியும் போய்விடும். அப்புறம் வீட்டில் இருப்பது யார்? அதற்கு முன்னால் புதுசை அறுத்து எடுத்துவிட வேண்டும். அப்போது மிஞ்சுகிறவன் எப்படி இருப்பான் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதை யோசித்திருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

நான் உண்மையைச் சொன்னேன். அது பச்சைக்கட்டி, பத்து நாள்தான் காய்ந்தது, தெரிந்தேதான் கொடுத்தேன் என்றேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பியைத் தாருங்கள் என்று திரும்பவும் கேட்டாள். ருக்மணி கம்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சில்லின் பக்கம் கம்பி பட்டால் பழசு பொடிப்பொடியாகப் போய்விடும், ஒரு துண்டுகூட மிஞ்சாது என்று விளக்கினாள்.  அவளுக்கு மட்டும் தொழில் மறக்கவில்லை.

"அறுக்காத. ஒன்றர மாசம் தண்ணி காட்டாம காயப்போடு, தெனம் ஒரு வாட்டி பொரட்டிப் போடு. சோப்பயும் சொல்றேன், அவரயும் சொல்றேன்," என்றாள்.

மூளி மூக்குக் கிளி

ஆனி போய் ஆடி பிறந்த பிறகு போனேன். ருக்மணி விரட்டாமல் இருந்தால் போயிருக்க மாட்டேன். கேரியரில் பெட்டி இருந்ததே தவிர வழியில் ஒருவருக்கும் சோப்பு விற்கவில்லை.

கொல்லைப் பக்கம் கீற்றுக் கொட்டகை நிழலில் ஒரு மூங்கில் படல் போட்டிருந்தது, காலும் தலையும் செங்கல்மேல் நிற்க, அடியில் காற்றோட்டமாக. தாமோதரன் அதில் படுத்திருந்தான். ஒன்றரை மாதமாகக் குளிக்காத மனுஷனிடம் வேர்வை நாற்றம் வர வேண்டும். இலுப்பெண்ணெய் வாசனைதான் வந்தது. எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தால் வருகிற அதே வாசனை. சரோஜா உள்ளேயிருந்து வந்து, என்னிடம் தலையசைத்துவிட்டு, அவன் தோளையும் இடுப்பையும் பிடித்து இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள். அன்றைய வேலை அது. அவனும் கண்ணைத் திறந்தபடி பேசாமல் புரண்டான்.

காய்ந்துவிட்டான். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. வலது கை, இடது கை மாதிரியே கறுத்து இறுகியிருந்தது. சிவப்புத் தடிப்பு எதுவும் இல்லை. சரோஜா விரலை நீட்டியதும் வலது கை அதைப் பிடித்தது. அவள் கண் கலங்கியது. எனக்கும் நெஞ்சு இளகியது. நம் கையால் கெட்டது நம் கையாலேயே சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் முன்கை திரும்பியது. சரோஜா என்று பச்சை குத்தியிருந்த இடத்தில் ஒரு கிளி இருந்தது. பச்சை குத்திய நிறத்தில், கட்டை விரல் அளவில், மூக்கு நுனி உடைந்த கிளி.

சரோஜாவைப் பார்த்தேன். அவள் எப்போதோ பார்த்துவிட்டிருக்கிறாள். உள்ளே போய்ச் சோப்பை எடுத்து வந்து காட்டினாள். ஒட்டிய இடம் எது என்று நானே தேடிப் பார்த்தேன், கோடு தெரியவில்லை. நகத்தால் கீறினேன், கல் மாதிரி இருந்தது. இது இன்னும் எத்தனை நாள் வரும் என்று கேட்டாள். இனிமேல் அவன் குளித்தால் மூன்று மாதம் வரலாம் என்றேன். தீர்ந்தால் இன்னொன்று ஒட்டலாம் இல்லையா என்றாள். நான் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு தரமும் ஒட்ட ஒட்ட, பழைய சில்லு எங்கே இருக்கும்? அது அவளுக்கும் தெரியாமலா இருக்கும். தாமோதரன் படுத்தபடியே பிளந்த நகத்தால் அந்தக் கிளியைத் தேய்த்துக்கொண்டிருந்தான், அழுக்கை எடுக்கிறவன் மாதிரி. அவள் அந்த விரலைப் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டாள்.

"என் பேரு போனா போவுதுண்ணா, ஆளு கீறாரு இல்ல. அடுத்த கட்டி மட்டும் நல்லா காஞ்சதா குடுங்க," என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வடக்குப்பட்டுக்கு ஒரு கட்டி போகிறது, ஒன்றரை மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் காயவைத்து நகத்தால் கீறிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், மற்றபடி என் சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று சொல்கிற யாரோடும் இப்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை.